வராதவளுக்கு ஓர் எச்சரிக்கை

மூன்று கூட்டங்களிலும் அதிகம் பேசியவள் நான். அந்த மூன்று கூட்டங்களுக்கும் நான் வரவே இல்லை என்று எங்கள் பேரூராட்சியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. தொடர்ந்து மூன்று கூட்டம் வராத உறுப்பினரின் பதவியை ஏன் பறிக்கக் கூடாது என்று ஏழு நாளில் நான் விளக்கம் சொல்ல வேண்டுமாம். கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "என்னக்கா, ஆபீசுல இருந்து மரியாதையெல்லாம் பலமா இருக்கு?" என்று சிரித்தார். எனக்கு இருந்த கோபத்தில் அவரையே பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். பாவம், அவர் என்ன செய்வார்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக் கரையில், மேற்கே மலை தெரிகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். பதினைந்து வார்டு உள்ள பேரூராட்சி. எங்கள் பதினோராவது வார்டில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொளவு இருக்கும். மற்ற ஊரில் முறம் என்பார்கள். அதில் இலையையும் தூளையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவோம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் சுற்றுகிறேன். கவுன்சிலர் ஆன பிறகும் சுற்றுகிறேன். கவுன்சிலர் என்றால் வீட்டில் உலை தானாகக் கொதிக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் எங்கள் வார்டுக்கு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது தெருவில் நாலைந்து பேர் என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்தார்கள். "அவுக பேரப் போடுவோம், நீரு பாத்துக்கிடும்வே" என்றார்கள். என் வீட்டுக்காரருக்குப் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. "நின்னா அவ நிக்கட்டும், ஜெயிச்சா அவ போகட்டும். எனக்கு ஏழு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் கிடையாதுவே" என்று சொல்லிவிட்டார். அவர் அதைப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அந்த பஸ்தான் கவலை. எப்படியோ எனக்கு நல்லதாகப் போயிற்று.

முதல் கூட்டத்துக்குப் போனபோதுதான் மற்ற வீடுகளில் என்ன ஏற்பாடு என்று தெரிந்தது. பதினைந்து உறுப்பினர்களில் எட்டுப் பேர் பெண்கள். நீள மேசையைச் சுற்றி எங்களுக்கு நாற்காலி. எங்களுக்குப் பின்னால் சுவரோரமாக இன்னொரு வரிசை நாற்காலி, அது வீட்டுக்காரர்களுக்கு. வருகைப் பதிவேடு பின்வரிசையில்தான் சுற்றும். மனைவியின் பெயருக்கு நேரே கணவர் கையெழுத்துப் போடுவார். ஓர் உறுப்பினர் முதல் ஒரு வருடம் கூட்டத்துக்கே வரவில்லை. அவர் கையெழுத்து மட்டும் ஒரு கூட்டம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எழுத்தர் எழுந்து "பொருள் ஒன்று" என்று படிப்பார். தலைவர் "சரிதானே?" என்பார். பின்வரிசை "சரி, சரி" என்று சொல்லும். இருபது நிமிடத்தில் இருபது பொருளும் நிறைவேறி, டீயும் காராசேவும் வந்துவிடும்.

தலைவருக்கு உரக்கடை. சத்தம் போட்டுப் பேசாத மனிதர். ஊரில் யார் வீட்டு நல்லது கெட்டதற்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மன்றத்தில் தன்னைத் தவிர வேறு யாரும் பேச வேண்டிய அவசியமே இல்லை என்று மனதார நம்பிய நல்லவர்.

நான் இரண்டாவது கூட்டத்திலேயே எழுந்துவிட்டேன். "தலைவர் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இங்க உறுப்பினர் நாங்களா, பின்னால இருக்கவுகளா?"

பின்வரிசையில் ஒருவர், "எல்லாம் ஒண்ணுதான தாயி" என்றார்.

"ஒண்ணுன்னா நாளைக்கு நீங்க எங்க வீட்டுச் சொளவ எடுத்து மடியில வச்சுக்கிடுங்க. நான் உங்க பைக்க எடுத்துட்டுப் போறேன்" என்றேன். சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். நான் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அதையே கேட்டேன். அவரவர் கையெழுத்தை அவரவர் போடும்வரை நான் போட மாட்டேன் என்று பதிவேட்டை மேசையில் தள்ளி வைத்தேன். அப்போது இருந்த செயல் அலுவலர் விதியை விதியாகப் பார்க்கிறவர். அவர் ஒரு நாள் பதிவேட்டையே எடுத்துவிட்டு, வாசலில் கைரேகை மெஷின் ஒன்றை மாட்டிவிட்டார். இனி விரல் வைத்தால்தான் வருகை. கணவரின் விரல் செல்லாது.

அடுத்த கூட்டத்துக்கு எட்டுப் பெண்களும் வந்தார்கள். ஒரு வருடமாக வராதிருந்தவர் கல்யாண வீட்டுக்கு வருகிறது போலப் பட்டுச்சேலையில் வந்தார். அவர் விரலை வைத்ததும் மெஷின் "தேங்க் யூ" என்றது. அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "என்னையத் தெரியுது பாருங்களேன்" என்று என்னிடம் காட்டினார். வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. இதெல்லாம் என் வாயால் நடந்தது என்று நினைத்துக்கொண்டே போய் என் பெருவிரலை வைத்தேன்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது.

சேலையில் துடைத்துவிட்டு வைத்தேன். தண்ணீர் தொட்டு வைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவினால் விழும் என்று ஒருவர் சொன்னார், அதையும் செய்து பார்த்தேன். பத்து விரலுக்கும் அதே பதில். பெயர் பதியும் நாளில் எப்படியோ இடது கைச் சுண்டுவிரலை அது எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அதையும் தெரியவில்லையாம். பீடியின் வாயை மடக்குவது பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறவளுக்கு ஆயிரம் மடக்கு. என் பெருவிரலைப் பார்த்தால் புதுக் கரண்டி மாதிரி வழவழவென்று இருக்கும். வரி என்று ஒன்று அதில் இருந்தது எனக்கே மறந்துபோயிற்று. எட்டுப் பெண்களில் பீடி சுற்றுகிறவள் நான் ஒருத்திதான். கணவர்களை வெளியே நிறுத்த நான் கொண்டுவந்த மெஷின், என்னை மட்டும் வெளியே நிறுத்தியது.

எழுத்தர் நல்ல பையன் மாதிரிதான் பேசினார். "நீங்க உள்ள போங்கக்கா. பொறவு பாத்துச் சரி பண்ணிக்கிடலாம்." நான் நம்பி உள்ளே போனேன். என் முட்டாள்தனம் அது.

உள்ளே போய் நான் பேசியதும் விரலைப் பற்றித்தான். என் விரலைப் பற்றி இல்லை. எதிர்வீட்டு மதினிக்கு அறுபது வயது, தனி ஆள், குடும்ப அட்டையில் அவர் பெயர் மட்டும்தான். அவரும் பீடி சுற்றுகிறவர்தான், ரேஷன் கடையில் ரேகை விழவில்லை. மூன்று நாள் போய்விட்டு மூன்று நாளும் வெறும் பையோடு திரும்பினார். எங்கள் வார்டில் மட்டும் அவரையும் சேர்த்து இப்படிப் பன்னிரண்டு பேர். ரேகை விழாதவர்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வழி இருக்கிறது. கடைக்காரர் மறுக்கவில்லை. "எழுத்துல ஏதாவது கொண்டாங்க. பேரூராட்சியில இருந்து ஒரு வரி இருந்தாப் போதும், தாலுகா ஆபீசுல காட்டி அனுமதி வாங்கிக்கிடலாம்" என்றார். மதினி நேரே என் வீட்டுக்கு வந்தார். "ஏட்டி, எழுத்துல வேணுமாம். அங்கன போயி ஒரு வரி எழுதி வாங்கிட்டு வா. உனக்கு அது கூடவா முடியாது?" என்றார்.

முடியாமல் என்ன என்றுதான் போனேன். மெஷின் வந்த அந்த முதல் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினேன். "இது நம்ம மன்றத்துல வராது தங்கச்சி" என்றார் தலைவர். இரண்டாவது கூட்டத்தில் மறுபடியும் கேட்டேன். "அதான் சொன்னேன்லா" என்றார். மூன்றாவது கூட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் எங்கள் உலையில் போடும் அரிசியில் மதினிக்கும் ஒரு பிடி போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கொடுப்பது எனக்குப் பெரிதில்லை. வாங்கிக்கொள்ள மதினி படும் சங்கடத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மேசையில் ஓங்கித் தட்டினேன். காராசேவுத் தட்டு கவிழ்ந்தது. "அரிசியா கேக்குதேன் உங்க கிட்ட? ஒரு வரி எழுதுங்கன்னுதான கேக்குதேன்!" என்று கத்தினேன். தெருவரைக்கும் கேட்டதாக வேப்பமரத்தடி ஆட்கள் பிறகு சொன்னார்கள். தலைவர் முகம் சிவந்தது. அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எழுத்தரைப் பார்த்து, "எழுதும்வே, எச்சரிச்சிருக்கேன்னு எழுதும்" என்றார். அதோடு கூட்டம் முடிந்தது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. மெஷினை மாட்டிய கையோடு அந்த அலுவலருக்கு மாறுதல் வந்து, அதிலிருந்து பக்கத்து ஊர் அலுவலர் இங்கேயும் பொறுப்பாக வந்துபோய்க்கொண்டிருந்தார். மூன்று கூட்டத்திலும் என் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தவர்தான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். போய்க் கேட்டேன். "நான் பாத்தேன்மா, இல்லேன்னு சொல்லலை. ஆனா ரெக்கார்டுல இல்லையே" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏளா, பழைய ரிஜிஸ்டரே இருந்திருந்தா நானே ஒரு கையெழுத்தப் போட்டு உன்னையக் காப்பாத்தியிருப்பேன்லா" என்றார். விளையாட்டுக்குத்தான். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் உரக்கடையிலிருந்து ஆள் வந்தது, தலைவர் கூப்பிடுகிறார் என்று. போனேன். நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஒரு கெடுதல் வர விடுவனா? அந்த மெஷின கழத்திருவோம். பழைய ரிஜிஸ்டரக் கொண்டாந்திருவோம். மூணு கூட்டத்துக்கும் சேத்து ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க. சோலி முடிஞ்சிது."

"ரிஜிஸ்டர் வந்தா வீட்டுக்காரங்களும் வருவாங்களே அண்ணாச்சி."

"வந்தா என்ன? ஆம்பளைய நாலு பேரு இருந்தாத்தான சபை களையா இருக்கும்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு கையெழுத்து. பதவி பிழைக்கும். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கலாம். தெருவில் தலை காட்டலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது கூட்டத்தில் நான் கத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்திருந்தது. அந்தப் பட்டுச்சேலைக்கார அம்மா, இப்போது சாதாரணச் சேலையில் வருகிறவர், தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். மன்றத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். பதிவேடு திரும்பி வந்தால் அவர் திரும்பி வர மாட்டார். அவர் கையெழுத்து மட்டும்தான் வரும்.

"மெஷின் இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன்.

"அப்ப உங்க இஷ்டம்" என்றார். பாதி குடித்த கலரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

விளக்கம் எழுத வேண்டும். நான் வந்தேன் என்பதற்கு என்ன சாட்சி? மற்ற உறுப்பினர்களைக் கேட்டேன். ஒருவருக்கு மறதி, ஒருவருக்குத் தலைவரோடு வம்பு வேண்டாம். அந்த அம்மா மட்டும், "நான் சொல்லுதேன்க்கா" என்றார். ஆனால் அவரைத் தனியாக மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. நான் பேசியதெல்லாம் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்குமே, அதைப் பார்ப்போம் என்று அலுவலகத்துக்குப் போனேன். உறுப்பினருக்குப் பார்க்க உரிமை உண்டு. எழுத்தர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அதுல நீங்க தேடுறது இருக்காது."

"ஏன்?"

"அது மொத நாளே எழுதினதுக்கா. வீட்டுல வச்சு எழுதிருவேன். நடந்தத எழுத நமக்கு நேரம் ஏது? நடக்கப் போறத எழுதி வச்சாப் போதும்னுதான் பழக்கம்."

அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தானாம். அவருக்கும் முன்னால் இருந்தவரும். ஊரில் எத்தனை வருடமாக யார் யார் என்னென்ன பேசினார்களோ, ஒன்றும் அந்தப் புத்தகங்களில் இல்லை. விவாதத்துக்குப் பின் ஏகமனதாக நிறைவேறியது, ஏகமனதாக நிறைவேறியது என்று பக்கம் பக்கமாக, அழகான ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. பதவிக்காக இல்லை. மதினிக்கு என்ன சொல்வேன்? பேசினேன் மதினி, மூன்று தடவை பேசினேன், எல்லாம் காற்றோடு போயிற்று என்றா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கூட்டத்தின் பக்கத்தைத் திருப்பினேன். கடைசிப் பொருளுக்குக் கீழே, தலைவர் கையெழுத்துக்கு மேலே, கிடைத்த இடத்தில் கறுப்பு மையில் கோணல்மாணலாக ஒரு வரி. "பதினோராவது வார்டு உறுப்பினர் கூச்சல் எழுப்பியதற்காகத் தலைவரால் எச்சரிக்கப்பட்டார்."

அந்தப் புத்தகத்திலேயே மன்றத்தில் வைத்து எழுதப்பட்ட வரி அது ஒன்றுதான். நான் சிரித்த சிரிப்பில் எழுத்தர் பயந்துவிட்டார்.

விளக்கம் எதுவும் நான் எழுதவில்லை. நேரே நாலாவது கூட்டத்துக்குப் போனேன். மெஷின் வழக்கம்போல "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. உள்ளே போய் உட்கார்ந்தேன். என் பதவி நீக்கம் ஏழாவது பொருள். எழுத்தர் படித்து முடித்ததும் எழுந்து, போன கூட்டத்தின் நடவடிக்கையைத் தயவுசெய்து படிக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பொறுப்பு அலுவலர் தலையசைத்தார். எழுத்தர் என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் அந்தக் கறுப்பு வரியைப் படித்தார்.

தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்ன அந்த அம்மாதான் முதலில் கேட்டார். "அண்ணாச்சி, வராதவுகள எப்படி எச்சரிச்சிய?"

அவ்வளவுதான். உறுப்பினர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மறதிக்காரருக்குக்கூட நினைவு வந்துவிட்டது. பொறுப்பு அலுவலர் புத்தகத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "ரெக்கார்டுல இருக்கே" என்றார். என் பதவி தப்பியது. இனி நான் அவர் முன்னிலையில் என் கையாலேயே கையெழுத்துப் போட வேண்டும், மற்றவர்களுக்கு மெஷின் தொடரும் என்று முடிவாயிற்று.

தலைவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். பழைய சிரிப்பு திரும்பியது. "சரி தங்கச்சி, நடந்தது நடந்து போச்சு. அந்த வரிய அடிச்சிருவோம். ஒரு பொம்பளப்பிள்ளைய எச்சரிச்சேன்னு புத்தகத்துல இருந்தா உங்களுக்கும் மரியாதக் கொறைச்சல்லா?"

"அடிக்கக் கூடாது" என்றேன். "அத அடிச்சா நான் மறுபடியும் வராதவளாயிருவேன். அது அங்கனயே இருக்கட்டும். ஆனா பாதியில நிக்கி. என்ன கேட்டுக் கூச்சல் போட்டேன்னு எழுதலியே? காரணம் இல்லாம எச்சரிக்கலாமா சார்?"

நான் அலுவலரைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எச்சரிக்கைக்குக் காரணம் குறிப்பிடுவதுதான் முறை என்றார். எழுத்தர் பேனாவை எடுத்தார். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன், அவர் எழுதினார். ரேஷன் கடையில் கைரேகை விழாததால் மூன்று மாதமாக அரிசி பெறாத, பீடி சுற்றும் பெண்ணுக்கு, இன்ன எண் குடும்ப அட்டைக்கு, கையெழுத்தின் பேரில் பொருள் வழங்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக் கூச்சல் எழுப்பியதற்காக. தலைவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். போடாமல் முடியாது, எச்சரித்தது அவர்தானே.

முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொண்டு, மதினியோடு தாலுகா அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்த அதிகாரி தாளை முன்னும் பின்னும் திருப்பினார். "என்னம்மா, இது தீர்மானமா?"

"இல்ல சார், எச்சரிக்கை. எனக்கு விட்டது. காரணத்தப் படிங்க."

படித்தார். மதினியின் விரல்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். கடைக்கு ஓர் உத்தரவு எழுதினார். அந்த மாதம் மதினி தன் உலையில் தன் அரிசியைப் போட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன்.

உத்தரவு அந்த ஒரு அட்டைக்கு மட்டும்தான். எங்கள் வார்டில் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். அதற்குத் தீர்மானம் வேண்டும் என்று கேட்டேன். இது நம்ம மன்றத்துல வராது என்றார் தலைவர். சரி என்று மேசையில் தட்டினேன். அந்த மாதம் எச்சரிக்கையில் இரண்டு அட்டை எண்கள் ஏறின. அடுத்த மாதம் மூன்று. இப்போதெல்லாம் நான் கூட்டத்துக்குப் போனால், எழுத்தர் கறுப்புப் பேனாவைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு எச்சரிக்கையில எத்தனை பேரு?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

இன்னும் ஆறு பேர் பாக்கி. அவர்கள் அரிசி வாங்கும்வரை என்னை எச்சரித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.